இருபத்துநான்கு அடி: சோன் ஆற்றங்கரை மிதிவண்டிப் பாதையின் முன்வரலாறு

ஐரோப்பாவில் மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வோரிடையே பிரான்சின் சோன் ஆற்றங்கரைக்குத் தனி மதிப்பு உண்டு (நம் பீகாரின் சோன் ஆற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). லக்சம்பர்க் எல்லையில் தொடங்கி, மோசெல் ஆற்றையும் ஒரு கால்வாயையும் பின்பு சோன் ஆற்றையும் ஒட்டியே லியோன் நகர் வரை ஏறத்தாழ 700 கி.மீ. செல்லும் பாதைக்கு ‘நீலவழி’ என்று பெயர். ஏற்றம் இல்லை, பெரும்பகுதியில் மோட்டார் வாகனமும் இல்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் புல்வெளி. சுற்றுச்சூழல் அக்கறை மிகுந்த இன்றைய அரசுகளின் கொடை என்றே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. அந்தப் பேச்சு பாதி உண்மை. இப்பாதைக்கான இடத்தை ஒதுக்கிவைத்த சட்டம் மிதிவண்டி பிறப்பதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1669இல் எழுதப்பட்டுவிட்டது. அது யாருக்காக எழுதப்பட்டது, எப்படி உயிர்பிழைத்தது என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் ஆறு. வோஜ் மலைப்பகுதியில் தோன்றி 480 கி.மீ. ஓடி லியோனில் ரோன் ஆற்றோடு கலக்கிறது சோன். அதன் மந்தகதி பழம்புகழ் பெற்றது. எத்திசையில் ஓடுகிறது என்று கண்ணால் தீர்மானிக்க இயலாத அளவுக்கு மெதுவான ஆறு என்று ஜூலியஸ் சீசர் தம் கால் நாட்டுப் போர்க் குறிப்புகளில் பதிவுசெய்திருக்கிறார். இத்தகைய ஆறு வணிகத்துக்கு வாய்ப்பானது. கீழ்நோக்கிச் செல்லும் படகை நீரே கொண்டுபோகும். மேல்நோக்கி வரும் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். இழுக்கும் குதிரைக்கும் ஆளுக்கும் கரையில் தடையற்ற, மேடுபள்ளம் இல்லாத ஒரு நிலக்கீற்று தேவை. வழியில் ஒரு மரம் நின்றாலும் கயிறு சிக்கும். ஒரு வேலி குறுக்கிட்டாலும் குதிரை நிற்கும். இன்று மிதிவண்டிக்காரர் சுவைக்கும் சமதளம், திறந்த பார்வை, தடையின்மை ஆகிய மூன்றும் அன்று இழுவைத் தொழிலின் தேவைகளாக இருந்தன.

இத்தேவையைச் சட்டமாக்கியவர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர். 1669ஆம் ஆண்டின் நீர்நிலைகள், காடுகள் பற்றிய அரச ஆணை படகு செல்லும் ஆறுகளின் கரையில் நிலம் வைத்திருப்போருக்கு மூன்று அளவுகளை விதித்தது. படகு இழுக்கப்படும் கரையில் 24 அடி அகலத்துக்கு இடம் விட வேண்டும். அதே கரையில் 30 அடிக்குள் மரமோ வேலியோ வைக்கக் கூடாது. எதிர்க்கரையில் 10 அடி விட வேண்டும். இங்கு அடி என்பது பிரெஞ்சு ‘அரச அடி’. இன்றைய அளவில் சுமார் 32.48 செ.மீ., ஆங்கில அடியைவிடச் சற்றே நீளம்.

இந்த ஆணை நிலத்தைப் பறிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நிலம் உரியவருக்கே உரியது. அவர் அதில் புல் வெட்டலாம், அதனை விற்கலாம், தம் பிள்ளைக்கு விட்டுச்செல்லலாம். ஆனால் வழியை மட்டும் அடைக்க முடியாது. சட்டத் தமிழில் இதனை ‘வசதியுரிமை’ என்கிறோம்: ஒருவரது நிலத்தின்மேல் பிறருக்குள்ள, உடைமை அல்லாத உரிமை. கைமாறும் நிலத்தோடு இந்தச் சுமையும் சேர்ந்தே கைமாறும்.

அதனால்தான் அது அரசர்களையும் கடந்து வாழ்ந்தது. 1777இல் அரச மன்றம் இவ்விதியை மீண்டும் உறுதிசெய்தது. புரட்சி வந்தது, அரசர் தலை வீழ்ந்தது, நிலப்பிரபுக்களின் உரிமைகள் ஒழிக்கப்பட்டன. ஆயினும் 1804இன் குடிமைச் சட்டத்தொகுப்பு ஆற்றங்கரை வழியைப் பொதுநலனுக்கான உரிமையாக ஏற்றுக்கொண்டது. அரச அடி போய் மீட்டர் வந்தது. இன்று பிரான்சில் நடைமுறையிலுள்ள பொதுச்சொத்துச் சட்டத்தொகுப்பைப் புரட்டினால் மூன்று எண்கள் கிடைக்கும்: 7.80 மீ., 9.75 மீ., 3.25 மீ. காரணம் தெரியாத ஒருவருக்கு இவை விசித்திரமான எண்களாகவே தோன்றும். அவற்றை 0.3248ஆல் வகுத்துப் பாருங்கள்: 24, 30, 10. முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய குதிரைவழியின் அகலம் தசமப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே உறைந்து கிடக்கிறது. மொழியியலில் புதைபடிவச் சொற்கள் என்று சிலவற்றைக் குறிப்பிடுவோம். இவற்றைப் புதைபடிவ எண்கள் எனலாம்.

இனி சொற்கள். இப்பாதையைப் பிரெஞ்சில் ‘அலாஜ்’ வழி என்பர். இழுத்தல் என்னும் பொருளுடைய ஜெர்மானிய மூலத்திலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தின் ‘ஹால்’ என்னும் வினையும் பிரெஞ்சு வழியாக அதே மூலத்திலிருந்து சென்றதே. ஜெர்மன் மொழியில் ‘லைன்பாட்’, அதாவது கயிற்றுவழி. ஸ்பானிய மொழியிலும் ‘சிர்கா’ என்னும் கயிற்றின் பெயராலேயே வழி. ரஷ்ய மொழியின் ‘பிச்செவ்னிக்’ என்பதும் கயிற்றிலிருந்து பிறந்ததுதான். டச்சு மொழியில் ‘யாக்பாட்’, குதிரையை ஓட்டும் வழி. பெயர்கள் செயலைச் சொல்கின்றன, அல்லது கருவியைச் சொல்கின்றன. இழுத்த மனிதன் இப்பெயர்கள் எதிலும் இல்லை.

அவன் இருந்தான். குதிரைக்குச் செலவிட வழியற்ற படகுக்காரர் தம் மார்பில் பட்டை மாட்டிக்கொண்டு தாமே இழுத்தனர்; மனைவியும் பிள்ளைகளும் உடன் இழுத்ததுண்டு. பிரான்சின் கால்வாய்களில் இது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட நீடித்தது. அந்த மார்ப்பட்டையின் பெயர் ‘ப்ரிகோல்’. லெவி-ஸ்த்ரோசை வாசித்தோருக்கு ‘ப்ரிகொலேர்’ என்னும் சொல் பழக்கமானது. கையில் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றுபவரைக் குறிப்பது. இரண்டும் ஒரே சொற்குடும்பம். கோட்பாட்டு வகுப்பறைகளில் நாம் தாராளமாகப் புழங்கும் ஒரு கருத்துச்சொல்லின் உறவுச்சொல் ஆற்றங்கரையில் ஒருவர் மார்பை அழுத்திய பட்டையின் பெயராக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இழுவைத் தொழிலுக்கு முடிவுகட்டிய கருவியும் இதே ஆற்றில்தான் சோதிக்கப்பட்டது. 1783 ஜூலை 15 அன்று ழுஃப்ருவா தபான் தம் நீராவிப் படகை லியோனில் சோன் ஆற்றின் எதிரோட்டத்தில் செலுத்திக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிப் படகுகள் பெருகின, பின்பு இருப்புப்பாதை வந்தது, அதன்பின் டீசல். குதிரைகள் கரையை விட்டு நீங்கின. தொழில் மறைந்தது, சட்டம் மறையவில்லை. யாரும் பயன்படுத்தாத, ஆயினும் யாரும் அடைக்க முடியாத ஒரு நிலக்கீற்று எஞ்சியது.

இங்குதான் மிதிவண்டி நுழைகிறது. பிரான்சின் முதல் பசுமைவழி எனப்படும் ஜிவ்ரி–க்ளூனி பாதை சோன் பள்ளத்தாக்கை அடுத்த பகுதியில் 1997இல் திறக்கப்பட்டது; அது கைவிடப்பட்ட ஓர் இருப்புப்பாதையின் தடம். கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளையும் படகிழுவைப் பாதைகளையும் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குத் திருப்பலாம் என்னும் கருத்து 2000ஆம் ஆண்டின் லீல் அறிக்கையில் ஐரோப்பிய அளவில் உருப்பெற்றது. 2004இல் பிரெஞ்சுச் சாலைவிதிகளுக்குள் ‘பசுமைவழி’ என்னும் வகைமை சேர்க்கப்பட்டது. மோட்டார் இல்லா வண்டிகள், நடப்போர், குதிரையேறிச் செல்வோர் ஆகியோருக்கே உரியது என்பது அன்று அதற்குத் தரப்பட்ட வரையறை. மாற்றுரு எடுத்தாயினும் குதிரை தன் வழிக்குத் திரும்பிவிட்டது!

ஆனால் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பழைய வசதியுரிமை மிதிவண்டிக்குத் தானாகவே வழிவிடவில்லை. அது படகுத் தொழிலுக்கான உரிமை. நீர்வழிகளை ஆளும் அரசு நிறுவனத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடுகளின் வழியாகவே மிதிவண்டிகள் அங்கு வந்தன. எதிர்க்கரையின் 3.25 மீ. வழியில் நடப்போருக்கு உரிமை கிடைத்தது 2006இல்தான். பழைய சட்டம் செய்தது ஒன்றே: இடத்தைக் காத்துவைத்தது. காத்துவைத்த இடம் இருந்ததால்தான் பிற்காலத்தவர் அதை வைத்து என்ன செய்வது என்று பேச முடிந்தது.

இக்கூற்றுக்கு எதிர்ச்சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. லியோனுக்கு வடக்கே சோன் ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்து சற்றே மேலேறினால் தோம்ப் என்னும் பீடபூமி. (ஆற்றங்கரையிலுள்ள த்ரெவூ அதன் தலைநகரம், புகழ்பெற்ற த்ரெவூ அகராதி 1704இல் வெளிவந்த ஊர். 1762 வரை தோம்ப் தனிச் சிற்றரசு.) பனியாறுகள் விட்டுச்சென்ற, நீர் இறங்காத களிமண் நிலம். இடைக்காலம் முதல் மனிதர் அங்கு வெட்டிய குளங்கள் இன்றும் ஆயிரத்துக்கும் மேல். சில ஆண்டுகள் நீர் நிரப்பி மீன் வளர்ப்பர்; அதற்கு ‘எவொலாஜ்’ என்று பெயர். பின்பு நீரை வடித்து ஓராண்டு உழுது பயிரிடுவர், அதற்கு ‘அசெக்’. ஒரே குளத்தில் நீர்க்காலத்துக்கு ஓர் உடைமையாளரும் வறட்காலத்துக்கு வேறோர் உடைமையாளரும் இருந்தனர். இச்சிக்கலைத் தீர்க்கவே 1856இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. குளங்களால் மலேரியா பரவுகிறது என்று அவற்றை வற்றவைக்கும் இயக்கம் எழுந்தது. 1860களில் அங்கு இருப்புப்பாதை அமைத்த நிறுவனம் 6,000 ஹெக்டேர் குளங்களை வற்றவைக்கும் நிபந்தனையையும் ஏற்றது. 1901இன் சட்டம் மீண்டும் நீர் நிரப்ப வழிவிட்டது.

குளக்கரைக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘ஷோசே’. அதே சொல் சாலையின் பரப்பையும் குறிக்கும். நம் ஏரிக்கரையைப் போலவே அங்கும் நீரைத் தடுக்கும் மேடே மனிதர் நடக்கும் வழியாக இருந்ததை மொழி நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் நிலைமை வேறு. தோம்ப் குளங்களில் பெரும்பாலானவை தனியார் உடைமை. கரைகள் பலவற்றில் பிறர் நுழைய முடியாது. அங்கு மிதிவண்டிக்காரர் வாகனம் குறைந்த சிற்றூர்ச் சாலைகளில் சென்றபடி நீரைத் தொலைவிலிருந்தே காண்கிறார். கீழே ஆறு தன் கரையைத் திறந்து வைத்திருக்கிறது. மேலே குளம் மூடிவைத்திருக்கிறது. இடையிலுள்ள தொலைவு சில கிலோமீட்டர். வேறுபாட்டின் காரணம் எளிது: 1669இன் ஆணை படகு செல்லும் ஆறுகளுக்கானது. குளத்தில் படகு வணிகம் இல்லை. ஆகவே குளக்கரையில் 24 அடியும் இல்லை. இன்றைய பொழுதுபோக்கின் வரைபடத்தை வரைந்தது பழைய உழைப்பின் வரைபடமே.

கொல்பேரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவரது நோக்கம் வணிகமும் அரச வருவாயும். நிலத்துக்காரருக்கு எதுவும் தரப்படவில்லை. இழுத்தவனுக்கு அவ்வாணையில் பேச்சே இல்லை. நோக்கம் எதுவாயினும், பொதுவழிக்கு ஓர் அளவும் ஒரு பெயரும் எழுத்தில் இருந்தன. பின்வந்தோர் அதைப் பற்றிக்கொள்ள முடிந்தது.

நம்மிடமும் படகிழுவை வழிகள் இருந்தன. ஆந்திரக் கடற்கரையிலிருந்து மரக்காணம் வரை சென்ற பக்கிங்ஹாம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்தபடி மனிதர் கயிற்றால் இழுத்தனர். அக்கால்வாயின் சென்னைப் பகுதியில் 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன. வழியின் அளவு மறைந்தது.

பெயருக்கு நேர்ந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. சென்னை மாகாணத்தின் வருவாய்த்துறை வழியாகத் தென்னிந்தியா முழுதும் பரவி, கன்னட, தெலுங்கு, மலையாள நில ஆவணங்களில் இன்றும் வாழும் ஒரு தமிழ்ச்சொல் உண்டு: புறம்போக்கு. தீர்வை விதிக்கப்படும் நிலங்களுக்குப் புறத்தே, பொதுப் பயனுக்கென விடப்பட்டது என்பது பொருள். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் இடமும் அளவும் இருந்தன. பிரெஞ்சு உரிமை தனியார் நிலத்தின்மேல் அமர்வது. புறம்போக்கு அரசின் பொறுப்பிலுள்ள நிலம். சட்ட வடிவம் வேறாயினும் பணி ஒன்றே: ஒருவரும் அடைக்கக் கூடாத இடத்தைக் காத்தல். அந்தச் சொல்லைத்தான் நாம் அன்றாடப் பேச்சில் வசைச்சொல்லாக்கிவிட்டோம். எவருக்கும் பயனற்றவன் என்பதற்கு எல்லோருக்கும் உரியதன் பெயரைச் சூட்டினோம். பெயர் இழிவடைந்த நிலத்தைக் கைக்கொள்வதும் எளிதாயிற்று.

நிலம்சார் சொற்களில் ஆய்வுசெய்வோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பதிவேடுகளில் ஏரிக்கரை, வாய்க்கால்கரை, வண்டிப்பாதை ஆகியவற்றுக்கு என்ன பெயரும் என்ன அகலமும் குறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். கிடைப்பதை இங்கே எழுதுங்கள். எந்த மொழிப் பதிவேடாயினும் சரி. வருங்காலத்தில் அவ்வழியில் எது செல்லும் என்று நமக்குத் தெரியாது. எண் எழுத்தில் இருந்தால் கேட்பதற்கு ஓர் ஆதாரமாவது இருக்கும்.