கிளிக்கூண்டு மண்டபத்தில் கிளி எங்கே?

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிருப்பீங்க. பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்தில், அம்மன் சந்நிதிக்கு முன்னால் ஒரு மண்டபம் இருக்கும். பேரு கிளிக்கூண்டு மண்டபம். சுற்றிப் பாருங்க: யாளி இருக்கும், பாண்டவர் சிலைகள் இருக்கும், கூண்டுக் கிளி மட்டும் இருக்காது. 1623-ல், முத்துவீரப்ப நாயக்கர் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட மண்டபம் இது. ஒரு காலத்தில் இங்கே கூண்டுகளில் கிளி வளர்த்தார்கள். "மீனாட்சி" என்று அம்மன் பெயரைச் சொல்ல அவற்றைப் பழக்கியிருந்தார்கள். பிறகு கூண்டுகளை எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இந்த எபிசோட் அந்தக் காலிக் கூண்டைப் பற்றித்தான். கிளி மேல நமக்கு இருக்கிற பாசத்துக்குக் கூண்டு அவசியமா?

சங்ககாலத்துக்குப் போனால், கிளி முதலில் ஒரு திருடன்! குறிஞ்சி நிலத்தில் தினை முற்றும்போது கூட்டமாக வந்து கதிரைக் கொய்துகொண்டு போகும். பெண்கள் பரண் மேல் நின்று தட்டை, குளிர், கவண் எல்லாம் வைத்து விரட்டுவார்கள். அந்தக் காவல்தான் எத்தனையோ காதல் பாடல்களுக்குக் களம். விரட்ட வேண்டிய பறவை மேலேயே நம்ம ஆட்களுக்கு ஒரு ஈர்ப்பு வந்துவிட்டது.

நம்மை மட்டும் சொல்ல முடியாது. சுமார் 2,400 வருடங்களுக்கு முன், பாரசீக அரசவையில் இருந்த டெசியாஸ் என்ற கிரேக்க மருத்துவர், இந்தியாவில் மனிதனைப் போலப் பேசும் பறவை இருப்பதாக எழுதினார். இந்திய மொழி பேசும், கிரேக்கம் சொல்லிக்கொடுத்தால் அதையும் பேசுமாம். தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய பச்சைக்கிளிக்கு இன்னைக்கும் அலெக்சாண்டர் பெயர்தான் இருக்கிறது.

நம்ம பக்கத்தில் அந்த ஈர்ப்பு தெய்வத்தின் கை வரைக்கும் போனது. மீனாட்சிக்கும் கிளி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கும் கிளி. ஆண்டாள் கைக்கிளியை இலைகளால் தினமும் புதிதாகச் செய்கிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. இங்கே ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ரெண்டு பேரிடமும் கிளி கையில்தான் இருக்கிறது, கூண்டில் இல்லை.

வீடுகளில் கதை வேறு. எங்க சமயநல்லூரில் நான் சின்னப் பையனா இருந்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் கிளிக்கூண்டு தொங்கும். தெருவில் யார் போனாலும் "அக்கா, வாங்க!" என்று கூப்பிடும். நாங்க எல்லாரும் நின்று பேசிவிட்டுத்தான் போவோம். அந்த வீட்டு அம்மா சாப்பிடுவதற்கு முன் அதுக்கு ஒரு வாய் ஊட்டுவாங்க. அது பொய்யான பாசம் இல்லை.

ஆனால் அந்தக் கிளி ஏன் கூப்பிட்டது? காட்டுக் கிளிகள் கூட்டமாக வாழ்பவை. பறக்கும்போதும் மேயும்போதும் "நான் இங்க இருக்கேன், நீ எங்க?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். நெட்வொர்க்கில் ஒரு மெஷின் இன்னொன்றுக்குப் பிங் அனுப்பி, பதில் வருதான்னு பார்க்கிற மாதிரி. வெனிசுலாவில் ஒரு சின்னக் கிளி இனத்தை ஆராய்ந்த கார்ல் பெர்க் குழு 2011-ல் ஒன்றைக் காட்டியது: ஒவ்வொரு குஞ்சும் தனக்கென ஒரு அழைப்பொலியைப் பெற்றோரிடமிருந்து கற்றுக்கொள்கிறது. கிட்டத்தட்ட பெயர் வைப்பது மாதிரி!

கூண்டுக் கிளிக்குக் கூட்டம் கிடையாது. இருக்கிற கூட்டம் நாமதான். அதனால் நம்ம பாஷையில் பிங் அனுப்புகிறது. அப்போ மண்டபத்தில் "மீனாட்சி" என்று சொன்ன கிளிகள்? நமக்கு அது நாமஜெபம். கிளிக்கு அது, பதில் வருமா என்று பார்க்கும் ஒரு அழைப்பு.

அந்தத் திண்ணைக் கிளி பெரும்பாலும் மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுக்கப்பட்டிருக்கும். இதைத் தடுக்கத்தான் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990-91-ல் இந்தியப் பறவைகளின் வியாபாரம் முழுக்கத் தடை செய்யப்பட்டது. 2023 பிப்ரவரியில், நம்ம மதுரைக்காரர் நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் இருந்த ரெண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துக்கொண்டது, அபராதம் இரண்டரை லட்சம். ஆசையாக வளர்த்தாலும் சட்டத்துக்கு அது வனவிலங்குதான். லவ் பேர்ட்ஸ் போன்ற வெளிநாட்டுப் பறவைகளின் கணக்கு வேறு.

சரி, கூண்டு இல்லாமல் என்ன உறவு? சென்னை ராயப்பேட்டைக்குப் போவோம். கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர், 2004 சுனாமி சமயத்தில் மொட்டைமாடிக்கு வந்த கிளிகளுக்கு அரிசி வைத்தார். அது பெருகி, காலையும் மாலையும் ஆயிரக்கணக்கான கிளிகள் வர ஆரம்பித்தன. பலகைகளில் ஊறவைத்த அரிசியை வரிசையாகப் பரப்பி வைப்பார். சம்பாத்தியத்தில் பெரும் பங்கு அதுக்கே போனது. ஒன்றைக்கூட அவர் அடைத்து வைக்கவில்லை. சாப்பிட்டுப் பறந்துவிடும், மறுநாள் தானாக வரும். கதவு இல்லாத இடத்துக்குத் திரும்பி வருவதுதானே உண்மையான உறவு?

இதைக் கேட்கிறவர்களில் யாராவது வீட்டில் பத்து வருஷமாக ஒரு பச்சைக்கிளி இருக்கலாம். குற்ற உணர்ச்சியில் இன்னைக்கே கூண்டைத் திறந்துவிட்டுடாதீங்க. சிறகு வெட்டிய, இரை தேடத் தெரியாத கிளி வெளியே ஒரு நாள் தாங்குவதே கஷ்டம், பூனைக்கும் காக்காவுக்கும்தான் இரை. வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்க. பறந்து பழக அதுக்கு இடமும் நாளும் வேணும். பிரிவது வலிக்கும், அந்த வலி நியாயமானதுதான். அப்புறம் மாடியில் ஒரு கிண்ணம் தண்ணி வைங்க. பொந்துள்ள பட்ட மரத்தை வெட்டாமல் விடுங்க. எதிர்க்குரல் கேட்க ஆள் இருக்கிற இடத்தில் கிளி கூப்பிடட்டும்.