தலைமையாசிரியர் ராம்ஜி சக்பால்



அண்ணல் அம்பேத்கரின் தந்தை யார் என்று கேட்டால் சுபேதார் ராம்ஜி சக்பால் என்று நம் பிள்ளைகள் உடனே சொல்வார்கள். என்ன வேலை பார்த்தார் என்றால் பட்டாளத்துக்காரர் என்பார்கள். தவறில்லை. ஆனால் அவர் 14 ஆண்டுகள் ராணுவப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்தவர். அண்ணலின் வாழ்க்கையை எழுதிய தனஞ்செய் கீர் இதைப் பதிவு செய்திருக்கிறார். நம் மேடைகளில் அது ஒரு வரியாகக்கூட வருவதில்லை. இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்த இடத்தில் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மகார், தலைமையாசிரியர் நாற்காலியில் எப்படி உட்கார முடிந்தது? அதற்கு விடை ராணுவத்தில் இருக்கிறது. ராம்ஜியின் தந்தை மாலோஜி சிப்பாய். மனைவி பீமாபாயின் தந்தையும் ராணுவத்தில் சுபேதார் மேஜர். கம்பெனி ராணுவத்தில் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாக இருந்தது, அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை என்று அண்ணலே எழுதியிருக்கிறார். ஊருக்குள் எழுத்தை மறுத்த சாதிக்கு, பாளையத்துக்குள் எழுத்து கடமையானது. அந்த வழியில்தான் ராம்ஜி, புனேயில் இருந்த ராணுவ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து ஆசிரியராகிப் பின்பு தலைமையாசிரியரானார். மாவ் கண்டோன்மென்டில் அவர் பணியாற்றியபோது, 1891 ஏப்ரல் 14 அன்று, பதினான்காவது பிள்ளையாகப் பீமராவ் பிறந்தார்.

மேதை ஒருவர் தானாக முளைத்தார் என்று சொல்வது நமக்குப் பெருமையாக இருக்கலாம். அது அந்தப் பள்ளிக்கூடத்தை மறைத்துவிடுகிறது. இரண்டு தலைமுறை ராணுவமும் ஒரு தலைமுறை ஆசிரியப் பணியும் அண்ணலுக்கு முன்னால் இருந்தன.

அந்தக் கதவு விரைவில் அடைபட்டது. போர்க்குணம் சில இனங்களுக்கே உண்டு என்ற கொள்கை ராணுவத்தில் வலுப்பெற, 1892இல் மகார்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. இதை எதிர்த்து ராம்ஜி இயங்கினார், நீதிபதி ரானடேயைக் கொண்டு விண்ணப்பம் எழுதவைத்தார் என்று கீர் கூறுகிறார். ஓய்வுபெற்ற ராணுவத்தினரான கோபால் பாபா வலங்கரும் இதே கோரிக்கைக்காகப் போராடினார். இவர்கள் கேட்டது சீருடையும் சம்பளமும் மட்டும்தான் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. சிப்பாய் வேலை போனால் சிப்பாயின் பிள்ளைக்கான பள்ளியும் போகும். ஒரு தலைமையாசிரியருக்கு அது மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். (சென்னை ராணுவத்திலும் பறையர் சிப்பாய்கள் இருந்தனர். அது தனியே பேச வேண்டிய வரலாறு.) மகார் ரெஜிமென்ட் என்று ஒன்று அமைய 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓய்வுக்குப் பின் குடும்பம் தபோலி சென்று, பிறகு சதாராவுக்கு வந்தது. 1900 நவம்பர் 7 அன்று சதாரா அரசு உயர்நிலைப் பள்ளிப் பதிவேட்டில் பீமராவின் பெயர் ஏறியது. பெயர் ஏறியதே தவிர, வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. மூலையில் தனியே உட்கார ஒரு கோணித்துண்டு. பள்ளியைப் பெருக்கும் ஆள் அந்தக் கோணியைத் தொடமாட்டார். அதனால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். குழாயைத் திறக்கப் பியூன் இல்லையென்றால் அன்று தண்ணீர் இல்லை. இவற்றையெல்லாம் அண்ணல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 14 ஆண்டுகள் ஒரு பள்ளியை நடத்தியவரின் வீட்டுக்குத்தான் அந்தக் கோணி தினமும் மாலையில் வந்து சேர்ந்தது.

ராம்ஜி வீட்டையே பள்ளியாக்கினார். ஹோவார்டின் ஆங்கிலப் பாடநூல்களையும் தர்கட்கரின் மொழிபெயர்ப்புப் பயிற்சி நூல்களையும் வைத்து மகனுக்கு ஆங்கிலம் பழக்கினார். பின்பு பம்பாய் பரேலில், தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறை வாழ்க்கை. சமைப்பதும் உறங்குவதும் படிப்பதும் அதே அறையில். மகனைச் சீக்கிரம் தூங்கவைத்துவிட்டு இரவு 2 மணிவரை தான் விழித்திருப்பார். பிறகு மகனைப் படிக்க எழுப்பிவிட்டுத் தான் படுப்பார். பாடம் சாராத புத்தகம் கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை. கையில் காசில்லாதபோது மணமான மகள்களிடம் போவார். அவர்கள் தந்த நகையை அடகுவைத்துப் புத்தகம் வாங்கி, ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். மஞ்சுளா, துளசி என்ற அந்த அக்காமார்களைச் சேர்க்காமல் ராம்ஜியின் தியாகத்தை மட்டும் பாடுவது அரைகுறை வரலாறு. அண்ணலின் நூலகத்தின் முதல் அடுக்கு பெண்களின் நகையில் எழுந்தது.

அவரைக் குறையற்றவராக நாம் காட்ட வேண்டியதில்லை. கபீர் பந்தியான ராம்ஜி, பிள்ளைகளை ராமாயணமும் மகாபாரதமும் படிக்கவைத்தார். நம்மை ஏன் இவற்றைப் படிக்கச் சொல்கிறீர்கள் என்று மகன் கேட்டார். தாழ்ந்த நிலையில் பிறந்தவர்கள் எவ்வளவு உயர்ந்தார்கள் என்று துரோணரையும் கர்ணனையும் வால்மீகியையும் பார், உனக்குள் தாழ்வுணர்ச்சி வரக் கூடாது என்பது தந்தையின் பதில். மகனுக்கு அந்தப் பதில் போதவில்லை. இதை அண்ணல், 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக 1956 ஏப்ரலில் எழுதிய முன்னுரையில் சொல்கிறார். அதே முன்னுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. தேர்வில் தேறிய மகனைப் பாராட்டச் சமூகத்தார் விழா எடுக்க வந்தபோது ராம்ஜி மறுத்தார். ஒரு தேர்வில் தேறியதைத் தவிர அவன் என்ன செய்துவிட்டான், விழா எடுத்தால் தலைக்கனம் வந்துவிடும் என்றார். நம் தெருக்களில் பிளெக்ஸ் கட்டும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேளுஸ்கர் என்ற அறிஞர் வந்து பேசிய பிறகே இசைந்தார். அந்த விழாவில்தான் கேளுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை மாணவர் கையில் தந்தார். அதைப் படித்துவிட்டு மகன் தந்தையிடமே வந்து, பௌத்த நூல்களை எங்களுக்கு ஏன் அறிமுகப்படுத்தவில்லை என்று கேட்டார். கேள்வி கேட்கப் பழக்கிய வீட்டில், அந்தக் கேள்வி தலைமையாசிரியரையும் விட்டுவைக்கவில்லை.

1913 தொடக்கத்தில் பீமராவ் பரோடாவில் பணியில் சேர்ந்த சில நாட்களில், தந்தைக்கு உடல்நலமில்லை என்று தந்தி வந்தது. வழியில் சூரத்தில் தந்தைக்கு இனிப்பு வாங்க இறங்கியவர் ரயிலைத் தவறவிட்டார். மறுநாள்தான் வந்து சேர்ந்தார். பிப்ரவரி 2 அன்று, மகனின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி ராம்ஜி கண்மூடினார். அந்த ஜூலையில் மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

பத்தாண்டுகள் கழித்து, 1923இல், லண்டனில் அண்ணலின் 'ரூபாயின் சிக்கல்' வெளிவந்தது. நாணயப் பொருளாதாரம் பற்றிய அந்தக் கனமான நூலைத் தன் தாய் தந்தையின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தன் கல்விக்காக அவர்கள் செய்த தியாகங்களுக்கும், கல்வி விஷயத்தில் அவர்கள் காட்டிய தெளிவுக்கும் நன்றி என்று அதற்குக் காரணத்தையும் எழுதிவைத்தார்.