வரி கட்டாதவனின் வம்சாவளி

பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் பழங்குடும்பங்களில் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. நம்மவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தைப் பற்றி வண்டி வண்டியாக எழுதியிருக்கிறார்கள். எழுதியது சர்க்கார், தன் பணம் எங்கே புழங்கியதோ அங்கே எழுதியது. கிஸ்தி கட்டும் பட்டாதாரர் பெயர் செட்டில்மெண்ட் பதிவேட்டில் ஏறியது. மானிய நிலங்களைத் துருவ 1858இல் இனாம் கமிஷன் வந்தது. 1860களில் அது தயாரித்த பதிவேடுகளில், நிலத்தை அனுபவிப்பவரின் வயதும், முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதும் இருக்கும். கோயில் நில வழக்குகளில் வக்கீல்கள் இன்றும் அதைத்தான் தேடி எடுக்கிறார்கள். ஆக, நிலமுள்ளவனின் வம்சாவளி சர்க்கார் செலவிலேயே எழுதப்பட்டது. அதே நிலத்தில் ஏர் பிடித்தவன் வரி கட்டவில்லை. அவனுக்கு ஏட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் ஒரு வழியில் அவன் ஏட்டில் ஏறினான்: கப்பலேறி. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ 342 பேருடன் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்க நேட்டாலின் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். இந்த வட்டாரம் இருந்த செங்கல்பட்டு ஜில்லாவும் அதில் அடக்கம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதன் எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். இது கரிசனத்தால் எழுதியதல்ல. ஒப்பந்தத்தை முறித்து ஓடினால் பிடிக்க அடையாளம் வேண்டுமே. காரணம் எதுவானாலும், சொந்த ஊரில் எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு கூலிக்காரனின் தகப்பன் பெயர் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. (இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் போனவர்களுக்கு இந்த ஒப்பந்தமும் இல்லை, இப்படிப்பட்ட பட்டியலும் இல்லை.)

நேட்டால் பட்டியலை நம்பலாமா என்று கேட்பார்கள். பொய்ப் பெயர் கொடுத்தவர்களும் சாதியை மாற்றிச் சொன்னவர்களும் இருந்தார்கள்; குமாஸ்தா காதில் விழுந்தபடி ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினான். பூந்தமல்லி என்கிற பூவிருந்தவல்லி ‘பூனமல்லி’ ஆன தேசம் இது. அன்று சைதாப்பேட்டைத் தாலுகாவில் இருந்த அவ்வூர் 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. பழைய ஜில்லாப் பெயரை வைத்துத் தேடுபவர் தவறான அலுவலகத்தில் போய் நிற்பார். எல்லாம் சரிதான். ஆனால் பிழையுள்ள ஒரு வரியை இன்னொரு காகிதத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். எழுதாத வரியை என்ன செய்வது? இதை நம் ஊர்க் குறையாக மட்டும் பார்க்கவும் வேண்டாம். அமெரிக்கச் சிற்றூர்களில் 1850 மக்கள்தொகைக் கணக்கு சுதந்திர மனிதர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியது. அடிமைகளுக்கு உடைமையாளர் பெயரின் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டும். அவர்கள் எல்லோருடைய பெயரும் ஏறியது 1870இல்தான். அங்கும் காகிதம் சொத்தின் பின்னால்தான் போனது.

கப்பலேறியவனைவிட, ஊரிலேயே தங்கிய அவன் தம்பியின் வழியைத் தேடுவதுதான் கடினம். நம் மக்கள்தொகைக் கணக்கில் எண்கள் மிஞ்சின, வீட்டுவாரிப் பெயர்கள் மிஞ்சவில்லை. பிறப்புப் பதிவேடோ பெயர் வைக்கும் முன்பே எழுதுவது. பல வரிகளில் ‘ஆண் குழந்தை’ என்பதோடு சரி. போதாததற்குப் பேரனுக்குத் தாத்தா பெயரை இடும் வழக்கம்: முனுசாமி மகன் கோவிந்தன், கோவிந்தன் மகன் முனுசாமி. ஆண்டு தெரியாவிட்டால் ஏட்டில் இருப்பது தாத்தாவா பேரனா என்று சொல்ல முடியாது. இங்கேயும் வழி திறந்தது நிலத்தால்தான். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டப் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று வழக்காடுகிறோமே, அதுதான். அந்த ஒப்படைப்புக் காகிதங்கள் கிடைக்கும் கிராமங்களில், பல குடும்பங்களுக்கு எழுத்தில் கிடைக்கும் முதல் மூதாதை அந்த நிலத்தைப் பெற்றவராகத்தான் இருப்பார்.