புனித ஜார்ஜ் பள்ளி, சென்னை

சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஆங்கிலோ-இந்தியப் பள்ளி. மேலைநாட்டு முறையில் ஆசியாவில் இன்றும் நடந்துவரும் பள்ளிகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் அர்ச்சிக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தின் குரு வில்லியம் ஸ்டீவன்சன், ஏழைப் பிள்ளைகளுக்காக 1715இல் தொடங்கிய தருமப் பள்ளியே இதன் மூலம்.

இப்பள்ளியின் வரலாற்றில் பெயர்பெற்றது, எழும்பூரில் 1789இல் திறக்கப்பட்ட ஆண்பிள்ளைகள் அநாதை இல்லம். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்து ஆதரவற்றுப்போனவர்களே பெரும்பாலும் அங்கிருந்தனர். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் சம்பளம் வாங்காமல் அதை மேற்பார்த்தார். (பல படைப்பிரிவுகளின் குருவாக அவருக்கு வேறு சம்பளங்கள் வந்துகொண்டிருந்தன.)

உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்த பெல், தம் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளிக்கவே, ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். பிறகு வகுப்புதோறும் பையன்களே பையன்களுக்குப் பாடம் சொன்னார்கள். காகிதச் செலவு மிச்சம். ஆசிரியர் செலவும் மிச்சம். பிரம்புக்கும் வேலை குறைந்தது: குற்றங்கள் ‘கறுப்புப் புத்தக’த்தில் பதிவாகும், வாரந்தோறும் எல்லார் முன்னிலையிலும் படிக்கப்படும், தீர்ப்புச் சொல்வதும் பையன்களே.

1796இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டே இதை நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ பரவியது; 1832இல் அவர் இறந்தபோது பிரிட்டனிலும் அதன் குடியேற்றங்களிலும் 12,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் அதைப் பின்பற்றின. முதலில் கண்டது தாமே என்று லண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் உரிமை கொண்டாட, இருவர் ஆதரவாளர்களும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டனர். மணல் இங்கிருந்து வந்தது என்று பெல் ஒப்புக்கொண்டார். மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பது மட்டும் தம் கண்டுபிடிப்பு என்றார். வாத்தியார் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் ஒப்பிக்கவைக்கும் சட்டாம்பிள்ளை நம் திண்ணைகளில் வழிவழியாக இருந்தவன். அவனை அவர் பார்க்கவே இல்லை என்பதை நம்புவது கடினம். கர்நாடகத்தில் பையன்கள் தமக்குள் பாடிக்கொண்டே மணலில் கணக்குப் போட்டதை இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே 1623இலேயே எழுதிவைத்திருக்கிறார்.

பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் கொடைப்பணத்தில் எழுந்த ‘மெட்ராஸ் காலேஜ்’ இன்றும் நடக்கிறது. இங்கே அநாதை இல்லத்துப் பையன்கள் அச்சுத்தொழிலும் கற்றார்கள்; அவர்கள் அச்சகம் வெளியிட்ட ஆண்டுக் குறிப்பேடு மாகாணம் முழுவதும் புழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராணுவ அநாதைப் பிள்ளைகள் ஊட்டி லவ்டேலுக்கு அனுப்பப்பட்டனர். தருமப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் 1904இல் இப்போதைய வளாகத்துக்கு மாறியது; புனித ஜார்ஜ் என்ற பெயர் 1954இல் வந்தது.