ஒன்பது தாலுகாக்களின் தலைவர்: தேவிகுளத்திலிருந்து நேசமணியை வாசித்தல்

மார்சல் ஏ. நேசமணியின் வாழ்க்கை பெரும்பாலும் நாகர்கோவிலில் இருந்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அது வெற்றியின் வரலாறு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன. அதை முன்னின்று நடத்தியவர் ‘குமரித் தந்தை’ ஆனார். ஆனால் அவரது இயக்கம் கேட்டவை ஒன்பது தாலுகாக்கள். கிடைக்காமல் போனவை தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர். இன்றைய இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் கிழக்கு எல்லையில் வாழும் தமிழர்களுக்கு அந்த வரலாற்றில் ஒரு பத்திதான் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பத்தியை விரித்து வாசித்தால் நேசமணியின் அரசியலைப் பற்றி நாகர்கோவிலிலிருந்து தெரியாத ஒன்று தெரிய வரும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அவருடைய உரிமைக் கோரிக்கை இரண்டு கால்களில் நின்றது: மக்கள்தொகையில் பெரும்பான்மை, மண்ணின் மீது பரம்பரை உடைமை. தேவிகுளத்தில் இரண்டாவது கால் இல்லை. அதை உண்டாக்கும் அரசியல் அவரிடமும் இல்லை, அவருக்குப் பின் வந்தவர்களிடமும் இல்லை.

1895 ஜூனில் விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்த நேசமணி, திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து நாகர்கோவிலில் வழக்கறிஞரானார். வழக்கறிஞர் அறையில் மேல்சாதியார்க்கு நாற்காலியும் மற்றவர்க்கு முக்காலியும், தண்ணீர்ப் பானையும் தனித்தனியாக இருந்த வழக்கத்தை அவர் எதிர்த்து முறித்த நிகழ்ச்சி குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. சாதி இழிவுக்கு எதிரான கோபம் அவர் அரசியலின் ஊற்று. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் (தி.த.நா. காங்கிரஸ்) 1945 இறுதியில் நாகர்கோவிலில் வேறு சிலரால் தொடங்கப்பட்டது. நேசமணி 1947 செப்டம்பரில் அதற்குள் வந்த பிறகே அது வெகுமக்கள் கட்சியாயிற்று. தெற்கில் அதன் முதுகெலும்பு நிலமுள்ள, பனையேறும், வியாபாரம் செய்யும் குடிகள், குறிப்பாக நாடார் சமூகத்தார். ஊரும் சர்ச்சும் கோயிலும் பள்ளிக்கூடமும் பட்டா நிலமும் அவர்களுக்கு இருந்தன. ‘இது எங்கள் மண்’ என்று அவர்கள் சொன்னபோது அந்தச் சொல்லுக்குப் பின்னால் பத்திரம் இருந்தது.

மலைநாட்டில் கதை வேறு. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற நிலக் குத்தகையில் தொடங்கி, 1897இல் உருவான கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் வரை, மூணாறைச் சுற்றிய மலை முழுவதும் ஒரே கம்பெனியின் கைக்குள் வந்தது. காடு வெட்டித் தேயிலை நட ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த குடும்பங்கள் போடி வழியாக மலையேறின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களுக்குக் கிடைத்தது லயம்: ஓர் அறை, ஓர் அடுப்படி, பக்கத்துச் சுவர் அடுத்த குடும்பத்துக்கும் பொது. வேலை இருக்கும்வரை கூரை. ஓய்வு பெற்றால் பிள்ளைகளில் ஒருவர் மஸ்டர் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டால் அந்த லயத்தில் தொடரலாம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே செத்தாலும் ஒரு சென்ட் நிலமும் பெயருக்கு வராது. ஆடி மாதமோ பங்குனி மாதமோ கொடை பார்க்கக் கீழே ‘ஊருக்கு’ப் போய் வருவார்கள். அந்தப் போக்குவரத்தே பின்னாளில் அவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று.

1952 தேர்தலில் எட்டு இடங்களும் 1954 தேர்தலில் பன்னிரண்டு இடங்களும் பெற்ற தி.த.நா. காங்கிரஸ், திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் அரசைக் காக்கவும் கவிழ்க்கவும் வல்ல கட்சியாக இருந்தது. 1953இல் ஏ.ஜே. ஜான் அமைச்சரவை வீழ்ந்தது அதன் ஆதரவு விலகியதால்தான். 1954 மார்ச்சில் பட்டம் தாணு பிள்ளை தலைமையில் பிரஜா சோசலிஸ்ட் அரசு வந்தது. தேவிகுளம், பீர்மேடு தமிழ்த் தொழிலாளர்கள் மீது போலீஸ் கெடுபிடி மிகுந்தபோது இயக்கம் மலைக்குப் போனது. அந்த ஆண்டு ஜூலையில் நேசமணியும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் மூணாறில் தடையை மீறிக் கைதாயினர். இது சாதாரணச் செய்தி இல்லை. தெற்கே குமரி நாட்டுக்காரர்கள் தேயிலைத் தொழிலாளிக்காகச் சிறைக்குப் போன தருணம் அது. தெற்கே விளவங்கோடும் கல்குளமும் கொந்தளித்ததற்கு முதல் பொறி மலையில்தான் விழுந்தது. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா தம் கட்சி முதல்வரையே பதவி விலகச் சொன்னார். அந்தக் கட்சி பிளந்ததில் இதற்கும் பங்கு உண்டு. மலைத் தொழிலாளிக்காகத் தொடங்கிய போராட்டத்தில் குமரி உழவர் உயிர் கொடுத்தனர். முடிவில் குமரி மீண்டது, மலை நின்றுபோனது. அந்த நன்றிக்கடன் இன்னும் எழுதித் தீர்க்கப்படவில்லை.

பசல் அலி தலைமையில், குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை தந்தது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே மிகுதி என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் அந்த மிகுதி வந்துபோகும் தோட்டத் தொழிலாளர்களால் ஆனது என்றது. மக்கள் நெருக்கடியில் திணறும் கேரளத்தின் பொருளாதாரத்துக்கு இம்மலைநிலம் தேவை என்றது. பணிக்கர் மலையாளி என்பதால் இப்படி முடிந்தது என்று தமிழ்நாட்டில் நெடுநாள் பேசப்பட்டது. அந்த விளக்கம் போதாது என்று கருதுகிறேன். அதே பணிக்கர் கையெழுத்திட்ட அறிக்கைதான் கல்குளத்தையும் விளவங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குத் தந்தது. ஆணையத்தின் அளவுகோலைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அந்த அளவுகோலின் அநீதி, பட்டம் தாணு பிள்ளை அரசின் குடியேற்றத் திட்டத்தோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரியும். அதே 1954-55 ஆண்டுகளில் கல்லாறு, மறையூர், காந்தளூர்ப் பகுதிகளில் சமவெளி மலையாளிக் குடும்பங்களுக்கு ஐந்து ஏக்கர் வீதம் நிலம் பிரித்துத் தரப்பட்டது. கல்லாற்றில் அமைந்த குடியிருப்பு இன்றும் பட்டம் காலனி என்றே வழங்குகிறது. அவர்களும் வறியவர்களே, பஞ்சத்துக்கும் நிலமின்மைக்கும் தப்பி மலையேறியவர்களே. அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் நேற்று வந்தவர் ஐந்து ஏக்கரோடு மண்ணின் குடியானார். அரை நூற்றாண்டுக்கு முன் வந்து அந்த மலையைத் தோட்டமாக்கியவரின் பேரன் வந்துபோகிறவனாகவே நின்றான். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு வந்த காலம் அன்று, பட்டா.

சித்தூர் இதற்கு மறுபுறம். கொச்சி அரசில் இருந்த அந்தத் தாலுகா, 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பிறகே நேசமணியின் அரசியல் எல்லைக்குள் வந்தது. கொழிஞ்ஞாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் தமிழ்க் குடியானவர்கள் சொந்தக் காட்டில் கடலையும் தென்னையும் வைத்து வாழ்பவர்கள்; கோயமுத்தூர்ச் சந்தைதான் அவர்களுக்கு அருகு. உடைமை உண்டு, ஆனால் தாலுகா முழுவதையும் அலகாக எடுத்தால் பெரும்பான்மை இல்லை. ஆக, சித்தூரில் ஒரு கால், தேவிகுளத்தில் மறுகால், விளவங்கோட்டில் இரண்டும். ஆணையத்தின் முடிவுகள் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றன.

பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் அழுத்தமான கருத்து: தேவிகுளம் தாலுகாவுக்குள் இருக்கும் அஞ்சுநாடு. மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களின் தமிழ்க் குடிகள் தோட்டத்துக்கு வந்தவர்கள் அல்லர். மதுரைப் பக்கமிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்ததாகத் தம் மரபைச் சொல்லும் உழவர்கள். நெல்லும் கரும்பும் விளைத்தவர்கள். மறையூர் வெல்லம் இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அங்கே பெரும்பான்மையும் உண்டு, பரம்பரை நிலமும் உண்டு. நீரும் அவர்கள் பக்கமே சாய்கிறது: மறையூர்ப் பள்ளத்தாக்கின் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்வது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. தாலுகாவை உடைக்க முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. செங்கோட்டைத் தாலுகாவை மலைமுகட்டை ஒட்டி இரண்டாக்கி, மேற்கே ஆரியங்காவு, அச்சன்கோவில் பக்கத்தைக் கேரளத்துக்கு விட்டார்கள். நீர்ப்பிரிமுகடு செங்கோட்டையில் எல்லையானால் மறையூரில் ஏன் ஆகவில்லை? கேரளத்துக்குச் சாதகமான இடத்தில் மலைமுகடு எடுபட்டது; தமிழருக்குச் சாதகமான இடத்தில் தாலுகாவே அலகாக நின்றது. தேவிகுளம் முழுவதையும் தோட்டத் தொழிலாளர் கோரிக்கையாகவே முன்வைத்ததில், அஞ்சுநாட்டுக்கென இருந்த தனி வாதம் அமுங்கிப்போயிற்று என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் தூரத்து எடுத்துக்காட்டு ஒன்று உதவும். பாலஸ்தீனத் தலைவர்களில் உலகம் அறிந்தவர்கள் எல்லைக்கு வெளியே நின்று நாட்டை மீட்கப் போராடியவர்கள். 1964இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் முதல் தலைவரான அகமது சுகைரி, நேசமணியைப் போல ஒரு வழக்கறிஞர். ஆனால் 1948க்குப் பின் இஸ்ரேலுக்குள்ளேயே நின்றுவிட்ட பாலஸ்தீனர்களிடமிருந்து வேறு வகைத் தலைவர் ஒருவர் எழுந்தார்: 1929இல் நாசரேத்தில் பிறந்த தவ்ஃபீக் சய்யாத். கவிஞர், கம்யூனிஸ்ட், 1975 முதல் 1994இல் சாலை விபத்தில் இறக்கும்வரை நாசரேத்தின் மேயர், இஸ்ரேல் நாடாளுமன்ற உறுப்பினர். கலிலேயாவில் நிலப் பறிப்புக்கு எதிராக 1976 மார்ச் 30 அன்று நடந்த பொது வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். அன்று ஆறு பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அந்த நாள் நில நாளாக நினைவு கூரப்படுகிறது. அங்கு நேர்ந்த வெளியேற்றமும் ஆக்கிரமிப்பும் இங்கு நேரவில்லை. தேவிகுளத் தமிழர் ஒரே குடியரசின் சம உரிமையுள்ள குடிமக்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்வது அங்குள்ளோரின் துயரைச் சிறுமைப்படுத்தும். ஆனால் தலைமை பற்றிய ஒரு கேள்விக்கு சய்யாதின் வாழ்க்கை வெளிச்சம் தருகிறது. எல்லை தீர்ந்துபோன பிறகு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு எத்தகைய தலைவர் வேண்டும்? சய்யாத் நிலத்தைக் கேட்டார், நகராட்சியைக் கேட்டார், அங்கேயே நின்று கேட்டார்.

இலங்கை மலையகத்தில் சௌமியமூர்த்தி தொண்டமான் செய்ததும் அந்த வகையே. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியபோது, தொழிற்சங்கத்தையே கட்சியாக்கிப் பல பத்தாண்டுகள் பேரம் பேசிக் குடியுரிமையை மீட்டார். அவரைக் குறித்து விமர்சனங்கள் பல உண்டு; அமைப்பு அங்கேயே வேரூன்றியது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

தேவிகுளத்தில் நடந்தது என்ன? 1956க்குப் பின் தி.த.நா. காங்கிரஸ் கரைந்தது. நேசமணி காங்கிரஸில் சேர்ந்து 1962இலும் 1967இலும் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குப் போனார். 1968 ஜூன் 1 அன்று பதவியில் இருக்கும்போதே இறந்தார். அந்த இடத்தில் அடுத்து நின்று வென்றவர் காமராசர். மலையில் நேசமணியின் கட்சி விட்டுச்சென்ற வெற்றிடத்தில் தொழிற்சங்கங்கள் நின்றன. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராஜன் தோட்டம் தோட்டமாகப் பாடிச் சென்றதும், தம்பி இளையராஜா உடன் போனதும் தமிழ்நாட்டில் பலரும் அறிந்த செய்தி. தமிழ்ப் பாட்டால் வாக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அதே கம்யூனிஸ்ட் ஆட்சியில், மூணாறு வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளர்கள் இறந்தனர். சங்கங்கள் கூலியையும் போனஸையும் பேசின, அது பெரிய காரியம். நிலத்தைப் பேசியது மிகக் குறைவு. 1971இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு மீட்டுக்கொள்ளும் சட்டம் வந்தபோது, தோட்டமாக உள்ள நிலம் கம்பெனியிடமே விடப்பட்டது; லயம் அந்த நிலத்துக்குள் இருந்தது.

2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லாச் சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர்; பேச்சு முழுவதும் தமிழ். அன்றைய நாட்கூலி 232 ரூபாய். போனஸ் 20 விழுக்காடு வாங்கினார்கள், கூலியும் பின்னர் 301 ஆனது. அதற்கு மேல் அவர்கள் கேட்ட வீடும் நிலமும் பேச்சுவார்த்தை மேசையைத் தாண்டவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின; 70 பேர் மாண்டனர், அவர்களில் நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. கயத்தாறு பக்கத்து ஊர்களில் அன்று இழவு விழாத தெரு குறைவு. பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறுவேலியில் அரசு ஐந்து சென்ட் வீதம் நிலம் ஒதுக்கியது, வீடு கட்டப்பட்டது.

தேவிகுளம் இன்று பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. 2021இல் அங்கே வென்ற ஏ. ராஜா, சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் அவர் தேர்தலைச் செல்லாதாக்கியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி அவரை நிலைநிறுத்தியது. வழக்கின் மையம் அவரது சமயம் பற்றியது. ஆனால் கூடவே இன்னொரு கேள்வியும் நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது: அவர் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது எப்போது, 1950க்கு முன்பே தேவிகுளத்தில் நிலையாகக் குடியிருந்ததா? பசல் அலி ஆணையம் 1955இல் ஒரு தாலுகா மக்கள் அனைவரையும் பார்த்துக் கேட்ட அதே கேள்விக்கு, மூணாறில் பிறந்த ஒரு சட்டமன்ற உறுப்பினர் எழுபது ஆண்டுகள் கழித்துத் தம் பாட்டன் பாட்டி பெயரில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.