பாம்பும் இருளரும் சட்டமும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும்தான். இந்தச் செங்கல்பட்டு மண்ணின் ஏரிக்கரைப் புதர்களும் வயல்வரப்புகளும் இருளர்களின் வேலைக்களம். எலி வளையைத் தோண்டினால் எலியும் அது சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும், சிலசமயம் பாம்பும் கிடைக்கும். புழுதியில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள்.

இதை அழகுபடுத்திச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. தோல் வியாபாரம் கொழித்த காலத்தில் பாம்பைக் கொன்று உரித்ததும் இருளர் கைகள்தான்; லாபம் போனது வியாபாரிகளுக்கு. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. பாம்பைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தொழிலை இழந்தவர்கள் நாளை எதைத் தின்பார்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அதே 1976-இல்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது, தோழர்களே. அதற்குப் பிறகும் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

1978-இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடிக்கிறார்கள். சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தித்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்திய மருந்து நிறுவனங்களுக்கு விஷம் பெருமளவு போவது இங்கிருந்துதான். பாம்பும் பிழைத்தது, பிடித்தவரும் பிழைத்தார், கடிபட்ட விவசாயக் கூலியும் பிழைத்தார்.

மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. நமக்கும் பெருமைதான். அதே சமூகத்துப் பிள்ளைகள், கல்லூரியில் சேரப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் காத்துக்கிடக்கிறார்கள். ஏரிக்கரைக் குடிசைகள் பலவற்றுக்கு இன்னும் பட்டா வரவில்லை.