1964 மார்கழிப் புயலும் வேலணையில் ஒரு வீடும்

இந்த மலருக்காக 1964ஆம் ஆண்டுப் புயலைப் பற்றி எழுதும்படி கேட்டபோது நாங்கள் தொலைபேசியில் கூடிப் பேசினோம். ரொறன்ரோவில் இருவர், இலண்டனிலும் கொழும்பிலும் ஒவ்வொருவர், வேலணையிலேயே இன்னும் இருப்பவர் ஒருவர். விடுதியில் தங்கிப் படித்த வேலணைப் பிள்ளைகள் அப்போது நாங்கள் பதினொருவர். இன்று நினைவைச் சொல்ல ஐவரே இருக்கிறோம்.

திருவெம்பாவை முடிந்து சில நாள்கள்தான். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தோம். டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. பகலில் வாடையாக வீசிய காற்று இருட்டியதும் கொண்டலாகத் திரும்பிற்று, பிறகு சோளகம். காற்று இந்த ஒழுங்கில் திரும்பினால் புயல் எமக்குத் தெற்கே போகிறது என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். அப்படித்தான் போனது. வவுனியாப் பக்கமாக இலங்கையைக் கடந்து, கடலில் இறங்கி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலை அலை அள்ளிக்கொண்டு போனது. எங்கள் பெற்றோர் சிதம்பரத்துக்குப் போய்வந்த தலைமன்னார்–தனுஷ்கோடி வழி அன்றோடு முடிந்தது. (சாவித்திரியும் ஜெமினி கணேசனும் இராமேஸ்வரத்தில் அகப்பட்டுத் தப்பிய கதையைத்தான் விடுதியில் நாங்கள் அதிகம் பேசினோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.)

வேலணைக்கு வந்தது புயலின் ஓரம். மண்வீடுகளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

கடற்கரைப் பக்கம் இருந்த அந்தக் குடும்பத்தில் தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள். தகப்பன் எங்கள் வீடுகளுக்கு வேலி அடைக்கவும் கிணறு இறைக்கவும் வருபவர். வந்தால் முற்றத்தோடு நிற்பவர். கூரை முழுவதும் போய், மழையில் ஊறிய சுவர் இரண்டு பக்கம் இருந்துவிட்டது. ஊரிலிருந்த எங்கள் ரீச்சர் ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குச் 'சிரமதானம்' என்று பெயர் சொன்னார். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்கள் ஒரு கிராமத்துக்குப் போய் வேலை செய்ததிலிருந்து அந்தச் சொல் பரவத் தொடங்கியிருந்தது.

உற்சாகமாகப் போனோம். போனபின்தான் தெரிந்தது, மார்கழி மழையில் மண்சுவர் எழுப்ப முடியாது என்று. ஒரு படை மண் வைத்து, அது இறுகிய பிறகே அடுத்த படை வைக்கலாம். அதற்கு வெயில் வேண்டும். மேய்வதற்கும் ஓலை இல்லை. பனையோலையை வெட்டி, மிதித்து, அடுக்கிப் பதப்படுத்தியிருக்க வேண்டும். புயல் கிழித்துப் போட்ட ஓலை அடுப்புக்குத்தான் ஆகும். ஆனால் வளவுகளில் தென்னைகள் விழுந்து கிடந்தன. அந்த ஓலைகளைக் குளத்தில் ஊறப்போட்டு, மட்டையோடு இரண்டாகப் பிளந்து கிடுகு பின்னுவது என்று முடிவாயிற்று. விழுந்த பக்கங்களுக்கு இப்போதைக்குக் கிடுகுத் தட்டி. வெயில் வந்தபின் சுவர்.

மனையியலில் நல்ல புள்ளி எடுத்த எங்களுக்குக் கிடுகு பின்னத் தெரியாது. அந்த வீட்டுத் தாய்தான் சொல்லித் தந்தார். எங்கள் முதற் கிடுகுகளை அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப்போய், இரவில் அவிழ்த்துத் திரும்பப் பின்னியதைப் பிறகு அறிந்தோம். அண்ணன்மார் பனஞ்சிலாகை ஏற்றினார்கள். பழைய மாணவிகள் சங்கம் கயிறும் பாயும் அரிசியும் தந்தது. சங்கத்தின் கணக்கில் அந்தச் செலவு ஒரு வரியாக இருக்கும். மற்றது எதிலும் இல்லை.

அந்த மற்றதைத்தான் எழுதவேண்டும். வீடு மேய வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது வீட்டுக்காரரின் மரியாதை. கூலி இல்லாத வேலைக்கு அதுவே கணக்கு. எங்கள் சோறோ எங்கள் வீடுகளிலிருந்து வந்தது. அந்தக் குடும்பத்துக்குச் சுமை வைக்கக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். "அங்கே தண்ணி வெந்நி குடிச்சிடாதேங்கோ" என்று அம்மாமார் சொல்லியனுப்பியது மற்றக் காரணம். 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் சமபந்தி போசனம் நடத்திக் காட்டியிருந்தது. பாடசாலைகளில் சம ஆசனம் எங்கள் பெற்றோர் காலத்திலேயே வந்துவிட்டது. வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். ஊரிலே வேறு சட்டம்.

அந்தத் தாய்க்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். முதல்நாள் மத்தியானம் அவர் விழுந்த தென்னையின் இளநீர்க் குலையை எங்கள் முன் வைத்து, பக்கத்தில் கத்தியையும் வைத்துவிட்டு அப்பால் போனார். தானே சீவித் தரவில்லை. இளநீருக்குத் தீட்டு இல்லை என்பது ஊர்வழக்கம். சீவும் கையும் எங்களுடையதாகவே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் சீவிக் குடித்தோம். நல்ல இளநீர் என்றோம்.

பொங்கலுக்கு முதல் கூரை முடிந்தது. தைப்பொங்கலன்று எங்களை வரச் சொன்னார்கள். பதினொருவரும் போனோம். புதுப்பானை, மெழுகிய முற்றம், வாழையிலை. நால்வர் இருந்து புக்கை சாப்பிட்டோம். ஏழு பேர் விரதம் என்றும் வயிறு சரியில்லை என்றும் சொல்லி நின்றோம். இன்று பேசும் ஐவரில் மூவர் அந்த ஏழில் உள்ளவர்கள். மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968இல் நடந்ததைப் பத்திரிகையில் வாசித்தபோதுகூட, எங்களில் எவரும் இந்தப் பொங்கலை அதனோடு சேர்த்து நினைக்கவில்லை.

1990இல் தீவுகளை விட்டு எல்லோரும் போனோம், அந்தக் குடும்பமும்தான். ஆள் இல்லாத மண்வீடு நிற்காது. இப்போது அந்த இடத்தில் ஒரு மேடும் நாயுருவியும் இருப்பதாக ஊரிலுள்ளவர் போய்ப் பார்த்துச் சொன்னார்.

அந்த வீட்டின் மூத்த மகள் பின்னாளில் எங்கள் பாடசாலையிலேயே படித்தவர். இப்போது பாரிஸில் இருக்கிறார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டோம். "எழுதுங்கோ அக்கா" என்றார். சற்றுப் பொறுத்து, "பதினொரு பேருக்கும் எண்டுதான் அம்மா அரிசி போட்டவ. மிஞ்சின புக்கையை நாங்கள் அடுத்த நாளும் சாப்பிட்டனாங்கள்" என்றார்.